மூன்றாம் வரியில் நின்றவள்

தேவாலயத்தில் பாதிப் பூசையின்போது திருத்தொண்டர் சர்மதெஸ் கையைத் தட்டி, "ஞானஸ்நானம் வாங்காதவங்க வெளியே போங்க" என்று சொன்னதும் எழுந்து போகிறவர்களில் தயேசேயின் அம்மாவும் ஒருத்தி. தயேசே அப்பாவோடும் அத்தையோடும் உள்ளேயே நிற்பாள். அம்மா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல், வாசலுக்கு வெளியே நிற்கும் கருவேல மரத்தடிக்குப் போய்விடுவாள். அங்கே ஏற்கெனவே நாலைந்து ஆடுகள் இருக்கும்.

சிறு பிள்ளையாக இருந்தபோது தயேசே அதைப் பெரிதாக நினைக்கவில்லை. அம்மாக்கள் என்றால் பாதிப் பூசையில் வெளியே போவார்கள் போலிருக்கிறது என்று இருந்துவிட்டாள். ஏழு வயதில்தான் உறைத்தது. மற்றவர்களின் அம்மாக்கள் எல்லாம் உள்ளேயே இருந்தார்கள். வெளியே போகிற மற்றவர்களும் அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ உள்ளே வந்துவிடுகிறார்கள். வருஷா வருஷம் போய்க்கொண்டே இருப்பது அவள் அம்மா அஷ்ரியா மட்டும்தான்.

அஷ்ரியா நோபாக்காரி. ஆறு பாறைகளுக்கு நடுவே சுழித்துப் பாய்கிற பாறைவாய்க்கு மேலே, அது தெற்கிலிருந்து வருகிற பக்கம், பத்து நாள் பயணத்தில் இருந்தது அவள் ஊர். நோபாக்கள் வருஷத்துக்கு ஒருமுறை பிலாக் தீவின் பழைய கோயிலுக்கு வந்து, அம்மன் சிலையைத் தோளில் ஏற்றித் தங்கள் ஊருக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவருவார்கள். அப்படி ஒரு வருஷம் சுமை தூக்க வந்த பதினேழு வயதுப் பெண், பாறையில் சறுக்கிக் காலை முறித்துக்கொண்டாள். கூட வந்தவர்களால் காத்திருக்க முடியவில்லை. ஒரு தோல்பை தண்ணீரும் ஒரு கூடை பேரீச்சையும் வைத்து, மணல்திட்டில் நிழல் பார்த்துப் படுக்க வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அந்த வழியாகப் படகு விட்டு வந்தவன் ஹத்ரே. பாறைவாயின் சுழல்களுக்கு நடுவே தானியப் படகுகளை மேலே ஏற்றிக் கீழே இறக்குவது அவன் பரம்பரைத் தொழில். அவளைத் தூக்கிப் படகில் போட்டு, எகிப்தின் எல்லை ஊரான சுவானில் இருந்த தன் வீட்டுக்குக் கொண்டுவந்தான். எலும்பு கூட மூன்று மாதம் ஆயிற்று. அதற்குள் மனசும் கூடிவிட்டது.

ஹத்ரேயின் மூத்த சகோதரி தாபேக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. புருஷனை இழந்து தம்பி வீட்டோடு வந்தவள், வந்த நாளிலிருந்து அந்த வீட்டின் சாவியும் சட்டமும் அவள்தான்.

"கட்டிக்கிறதுன்னா கட்டிக்கோ. நான் சொல்லி நீ என்னைக்குக் கேட்டிருக்க?" என்றாள் தம்பியிடம். "ஆனா ஒண்ணு. இந்த வாசப்படிக்கு உள்ளே அந்தப் பேச்சு கேக்கக்கூடாது. பிள்ளை பிறந்தா அது நம்ம பேச்சுதான் பேசணும்."

அஷ்ரியா அந்தச் சொல்லை மீறவில்லை. வாசப்படிக்கு உள்ளே, தெரிந்த கொஞ்சம் எகிப்தியப் பேச்சில் தேவைக்கு மட்டும் பேசினாள். ஊரார் அவளைப் பாதி ஊமை என்றே எண்ணினார்கள். ஆனால் வாசப்படிக்கு வெளியே ஆறு இருந்தது. ஆற்றில் ஹத்ரேயின் படகு இருந்தது. படகில் கால் வைத்ததும் அவள் வேறு ஒருத்தியாகிவிடுவாள். கயிறு திரித்துக்கொண்டே கதை சொல்வாள், பாடுவாள், புருஷனைக் கிண்டல் செய்வாள், வாய் ஓயாது. ஆண்பிள்ளை இல்லாத ஹத்ரே, தயேசேயை ஐந்து வயதிலேயே படகில் ஏற்றிக்கொண்டான். அதனால் அவளுக்கு இரண்டு மொழி வாய்த்தது. ஒன்று வீட்டு மொழி, ஒன்று ஆற்று மொழி. வீட்டு மொழியில் அவள் அடக்கமான பெண். ஆற்று மொழியில் வாயாடி.

ஆற்று மொழி வெறும் விளையாட்டுக்கு இல்லை. வடக்கேயிருந்து காற்று வீசும்போது பாய் விரித்தால் படகு நீரோட்டத்தை எதிர்த்து ஏறிவிடும். ஆனால் பாறைவாயில் காற்று மட்டும் போதாது. இரு கரையிலும் நாற்பது, ஐம்பது பேர் நின்று கயிறு இழுக்க வேண்டும். இழுப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் நோபாக்கள். எப்போது இழுக்க, எப்போது தளர்த்த என்று படகிலிருந்து அவர்கள் மொழியில் கூவ வேண்டும். அரை மூச்சு தாமதித்தால் படகு பாறையில் மோதித் தூளாகிவிடும். பத்து வயதிலிருந்து கூவுகிற வேலை தயேசேயினுடையது. அவள் குரல் தண்ணீரின் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு போகும்.

"ஏ ஹத்ரே மகளே! உங்கப்பன் படகை ஓட்டுறானா, படகு உங்கப்பனை ஓட்டுதா?" என்று கரையிலிருந்து சீண்டுவார்கள்.

"கயிறை இழுங்க மாமா, பேச்சை இழுக்காதீங்க!" என்று இவள் கத்துவாள். ஐம்பது பேரும் சிரித்தபடி இழுப்பார்கள். படகு ஏறிவிடும்.

இப்படியெல்லாம் ஆற்றில் ராணியாக இருந்தவள், குளிர்காலத்துத் தோபே மாதம் வந்தால் மட்டும் குன்றிப்போவாள். தோபே மாதத் திருவிழாவில்தான் ஆற்றை மந்திரித்து, புதியவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுப்பார்கள். மூழ்குவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் விசுவாச அறிக்கையைக் கிரேக்கத்தில் சொல்ல வேண்டும். ஆறே வரி. சுவானில் கிரேக்கம் தெரிந்தவர்கள் கோட்டைச் சிப்பாய்களும் ஆயரும் சர்மதெஸும் மட்டும்தான் என்றாலும், எல்லோரும் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்து சொல்லிவிடுவார்கள். தயேசேக்கு எட்டு வயதானதிலிருந்து அஷ்ரியா ஒவ்வொரு வருஷமும் வரிசையில் போய் நிற்பாள். முதல் வரி சொல்வாள். இரண்டாம் வரி சொல்வாள். மூன்றாம் வரியில் நின்றுவிடுவாள். சர்மதெஸ் எடுத்துக்கொடுத்தாலும் உதடு திறக்காது.

தயேசேக்குப் பதினாறு வயது நடந்த வருஷம், ஒன்பதாவது முறையாக இது நடந்தது. அம்மா மூன்றாம் வரியில் நின்றாள். கரையில் யாரோ செருமினார்கள். ஒரு சிப்பாயின் மனைவி பக்கத்திலிருந்தவளிடம், எல்லோருக்கும் கேட்கும்படியாகவே, "ஒம்பது வருஷம் சொல்லிக் கொடுத்தா என் வீட்டு ஆடுகூட ரெண்டு சங்கீதம் பாடியிருக்கும்" என்றாள். கொல்லென்று சிரிப்பு எழுந்தது.

"சரிம்மா. அடுத்த வருஷம் பார்ப்போம்" என்றார் சர்மதெஸ். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் சட்டத்தில் அணுவளவும் விட்டுக்கொடுக்காதவர்.

தயேசே இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை. மூன்றாம் நாள் படகில், அப்பா துடுப்புச் சுக்கானைப் பிடித்திருக்க, அம்மா எப்போதும்போலப் பாட ஆரம்பித்தபோது, அவளுக்குப் பொறுக்கவில்லை.

"உனக்கு வெக்கமா இல்லையாம்மா? ஆறு வரி! நேத்து வந்த கழுதைக்காரன் சொல்லிட்டுப் போயிட்டான். நாலு வயசுப் பிள்ளை சொல்லுது. உனக்கு மட்டும் நாக்கு ஏன் திரும்ப மாட்டேங்குது?"

அஷ்ரியா பாட்டை நிறுத்தினாள். கயிற்றை மடியில் வைத்தாள். பிறகு, ஆற்றைப் பார்த்துக்கொண்டே, கிரேக்கத்தில் ஆரம்பித்தாள். முதல் வரி. இரண்டாம் வரி. மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. ஒரு எழுத்து பிசகவில்லை. சர்மதெஸ் இழுக்கிற இடத்தில் இழுத்து, மூச்சு விடுகிற இடத்தில் மூச்சு விட்டு, அவர் குரலிலேயே சொல்லி முடித்தாள்.

சுக்கானில் இருந்த ஹத்ரேயின் கை நழுவிப் படகு அரை வட்டம் அடித்தது.

"உனக்கு... முழுசும் தெரியுமா?" என்றாள் தயேசே.

"முதல் வருஷமே தெரியும். மரத்தடியில உக்காந்து கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்? காது என்ன செவுடா?"

"அப்புறம் ஏன் நிக்கிற?"

"முதல் வரிக்கு அர்த்தம் தெரியும். கெட்டதுக்கு முதுகைக் காட்டுறேன். மேற்கே பாத்துச் சொல்லச் சொல்றாங்க, அதனால புரிஞ்சுது. ரெண்டாவது வரி அப்பனைப் பத்தி. அது உங்கப்பா சொன்னாரு. மூணாவதுல இருந்து என்னன்னு எனக்குத் தெரியாது." அஷ்ரியா மகளின் முகத்தை நேராகப் பார்த்தாள். "அது சத்தியமில்ல? தண்ணியில நின்னு பண்ற சத்தியம். புரியாததுக்குச் சத்தியம் பண்ணினா எங்க ஊர்ல அதுக்குப் பேரு பொய். முதல் நாளே கடவுள்கிட்டப் பொய் சொல்லிட்டா உள்ள போகச் சொல்ற?"

தயேசே அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க சொல்லிக் கொடுத்திருக்கக் கூடாதாப்பா?"

ஹத்ரே பிடரியைச் சொறிந்தான். "அதுக்கு மேல எனக்கு எங்கடி தெரியும்? எல்லாரும் சொன்னாங்க, நானும் சொன்னேன்."

அன்று படகைப் பாறைவாயில் ஏற்றி இறக்கும் வரை தயேசே கயிற்றுக்காரர்களுக்குக் கூவுவதிலேயே இருந்தாள். ஒன்பது வருஷம் ஊரோடு சேர்ந்து தானும் அம்மாவை மந்தமென்று நினைத்திருந்தது அவளை அறுத்தது. சுவானில் கரை சேர்ந்ததும் நேராக வீட்டுக்கு ஓடி, மாவு பிசைந்துகொண்டிருந்த அத்தை தாபேயிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அழுகையும் கோபமுமாக, பாதி வீட்டு மொழியிலும் பாதி ஆற்று மொழியிலும் சொன்னாள்.

தாபே மாவிலிருந்து கையை எடுக்காமல் கேட்டாள்.

"முழுசுமா சொன்னா?"

"முழுசும் அத்தை. தப்பே இல்லாம."

"எனக்கே ரெண்டு இடத்துல தட்டும்" என்றாள் தாபே. பிறகு மாவை ஓங்கிப் பலகையில் அறைந்தாள். "அந்தச் சிப்பாய் பொண்டாட்டி என் வீட்டு மருமகளை ஆடுன்னா சொன்னா? இரு, இரு."

தேவாலயத்துப் பூசைக்கு அப்பம் சுட்டுக் கொடுப்பது தாபேயின் பொறுப்பு. தினமும் காலையில் ஆயர் தித்துவேயின் அறைக்குக் கூடையோடு போவாள். ஆயர் எழுபது தாண்டியவர். கண் மங்கிவிட்டது. நிர்வாகத்தை எல்லாம் சர்மதெஸிடம் விட்டுவிட்டு ஜெபத்தில் இருப்பவர். மறுநாள் காலையிலிருந்து தாபே கூடையோடு ஒரு கேள்வியையும் கொண்டுபோனாள்.

"சாமி, நாம சொல்றோமே மூணாவது வரி, அதுல மகன் எழும்பினாருன்னு வருதாமே? தூங்கி எழும்புற மாதிரியா? விழுந்து எழும்புற மாதிரியா?"

ஆயருக்கு ஆச்சரியம். முப்பது வருஷமாக அப்பம் கொண்டுவருகிறவள் முதல்முறையாகக் கேள்வி கேட்கிறாள். பொறுமையாக விளக்கினார். மறுநாள் இன்னொரு கேள்வி. அதற்கு மறுநாள் இன்னொன்று. அவள் கேட்டதைக் கொண்டுவந்து தயேசேயிடம் ஒப்பிப்பாள். தயேசே அதைப் படகுக்குக் கொண்டுபோவாள். அங்கே அம்மாவும் மகளுமாக ஒவ்வொரு சொல்லோடும் மல்லுக்கட்டினார்கள்.

இரண்டாம் வரியிலேயே தகராறு.

"தகப்பன்னு சொன்னா எங்க ஊர்ல எவனும் மதிக்க மாட்டான்" என்றாள் அஷ்ரியா. "அப்பன்னா வந்துட்டுப் போறவன். சோறு போடுறது, அடிக்கிறது, கல்யாணம் பண்ணி வைக்கிறது எல்லாம் தாய்மாமன்தான். வானத்துல ஒரு அப்பன் இருக்காருன்னா, எப்ப வருவாரு, எப்பக் கிளம்புவாருன்னு கேப்பாங்க."

"அப்போ தாய்மாமன்னு வச்சுக்கலாமா?"

"கடவுளுக்கு அக்கா யாருடி?"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சுக்கானிலிருந்து ஹத்ரே பொருமினான். "நான் இங்கதான் இருக்கேன். பதினெட்டு வருஷமா எங்கயும் கிளம்பல. சும்மா ஞாபகப்படுத்துறேன்."

அஷ்ரியா சிரிப்பை நிறுத்திப் புருஷனைப் பார்த்தாள். நல்ல வெயில். அவன் நெற்றியில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. "அதுதான்" என்றாள் மகளிடம். "அதையே போடு. விட்டுட்டுப் போகாத அப்பன்."

மூன்றாம் வரிக்கு எழும்புதல் என்ற சொல் வேண்டும். நோபா மொழியில் மனிதன் எழும்ப ஒரு சொல், ஆற்றில் வெள்ளம் எழும்ப வேறு சொல். யாரும் கூப்பிடாமல், யாராலும் தடுக்க முடியாமல், செத்துக் கிடந்த நிலத்தை உயிர்ப்பிக்க எழும்புகிறதல்லவா, அந்தச் சொல்லை எடுத்தார்கள். நான்காம் வரியில் ஆவி என்பதற்கு நோபாவில் இருக்கிற சொல் பேய்க்குத்தான் பொருந்தும். இரண்டு வாரம் யோசித்து, ஓட்டத்துக்கு எதிராகப் படகை ஏற்றிவிடுகிற வடகாற்றின் பெயரைப் போட்டார்கள். ஐந்தாம் வரிதான் மாதக்கணக்கில் இழுத்தது. மன்னிப்பு என்பதற்கு அவர்களிடம் ஒரே சொல்லாக எதுவும் இல்லை.

"பழி தீர்க்கப் போறவன் மணல்ல அடிச்சுவட்டைப் பாத்துக்கிட்டே போவான்" என்று ஒருநாள் அஷ்ரியா தானாகவே சொன்னாள். "எங்க சின்னம்மா ஒருத்தி. அவ மகனைக் குத்திட்டு ஒருத்தன் ஓடினான். அவ போய் ஈச்ச மட்டையால அவன் சுவட்டையெல்லாம் பெருக்கி அழிச்சுட்டா. யாரும் பின்னாடி போகக்கூடாதுன்னு. ஊரே அதிசயமா பேசுச்சு."

தயேசே கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டாள். "அம்மா, அதான்!"

ஆறாம் வரிக்கு, உலகம் முழுக்க ஒரே சபை என்பதற்கு, ஒரே சட்டியில் கை நனைக்கிறவர்கள் என்று வைத்தார்கள். வெள்ளம் வந்து வடிந்தது. வாற்கோதுமை விதைத்தார்கள். தோபே மாதம் வந்துவிட்டது.

அன்று காலை ஆற்றங்கரையில் ஊரே கூடியிருந்தது. அந்த வருஷம் வேடிக்கை பார்க்க வெளியாட்களும் இருந்தார்கள். நோபா தலைவனின் தூதனாக கிதானி என்ற ஒருவன் பன்னிரண்டு ஆட்களோடு கோட்டைத் தளபதியிடம் சமாதானம் பேச வந்திருந்தான். நெடுநெடுவென்ற ஆள். எகிப்தியப் பேச்சு நன்றாகத் தெரியும். தேவாலயத்துக்காரர்களைக் கண்டால் ஆகாது. அம்மன் சிலையை ஒருநாள் இவர்கள் பூட்டிவிடுவார்கள் என்ற சந்தேகம் அவனுக்கு. ஈட்டியை ஊன்றிக்கொண்டு பாறைமேல் நின்றான்.

வரிசையில் அஷ்ரியாவின் முறை வந்தது. பின்னால் தயேசே நின்றாள். தாபே ஒருபக்கம் நின்று, சிப்பாய் மனைவியையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

அஷ்ரியா தண்ணீரில் இறங்கினாள். முதல் வரி. இரண்டாம் வரி. கரையில் சிலர் ஏற்கெனவே வாயைப் பொத்திக்கொண்டார்கள். மூன்றாம் வரி வந்தது. அவள் நிற்கவில்லை. நான்கு, ஐந்து, ஆறு. கடைசிச் சொல் ஆற்றின்மேல் தெளிவாகப் போய் விழுந்தது. சிப்பாய் மனைவியின் வாய் திறந்தபடி நின்றது. தாபே, "இப்ப ஆடு என்ன சொல்லுது?" என்று உரக்கக் கேட்டாள்.

சர்மதெஸின் முகம் மலர்ந்தது. "ஆண்டவருக்குத் தோத்திரம்! அப்படிச் சொல்லும்மா. வா, இன்னும் இறங்கி வா."

அஷ்ரியா அசையவில்லை. "சாமி, இது என் வாய் சொன்னது. நான் இன்னும் சொல்லல."

"என்ன?"

"இனிமேதான் நான் சொல்லணும். என் பேச்சுல."

கூட்டத்தில் சலசலப்பு. சர்மதெஸ் திகைத்தார். "அது முடியாதும்மா. உன் பேச்சுல நீ என்ன சொல்றேன்னு இங்க யாருக்குத் தெரியும்? அந்தப் பழைய அம்மனைக் கும்பிட்டாலும் எங்களுக்குத் தெரியாது. தப்பா நினைக்காதே. நான் சாட்சி சொல்லணும்ல?"

தயேசே முன்னால் வந்தாள். அவள் குரல் பாறைவாயில் பழகிய குரல். "சொல்லுக்குச் சொல் நாங்க ரெண்டு பேரும் பண்ணினது சாமி. ஒரு வருஷமா. அர்த்தம் எல்லாம் ஆயர் சாமி சொன்னதுதான்."

நாற்காலியில் சாய்ந்திருந்த கிழ ஆயர் நிமிர்ந்தார். "நானா? நான் எப்ப..." மங்கிய கண்கள் தாபே இருந்த திசையில் திரும்பின. "ஓ! அதுக்குத்தானா தினம் ஒரு கேள்வி? நான் உனக்கு வயசான காலத்துல பக்தி முத்திடுச்சுன்னு நினைச்சேன்."

"ரெண்டும்தான் சாமி" என்றாள் தாபே.

ஆயர் சிரித்தார். பிறகு யோசித்தார். "சர்மதெஸ் கேக்கிறதும் நியாயம்தான். சரியா இருக்கான்னு யார் சொல்றது? உன் வீட்டுக்காரங்க சொன்னா எடுபடாதே."

சர்மதெஸ் சுற்றிலும் பார்த்தார். பாறைமேல் நின்ற கிதானி கண்ணில் பட்டான். இவனுக்கு நம்மேல் துளி அன்பு கிடையாது, உள்ளதை உள்ளபடி போட்டு உடைப்பான் என்று நினைத்தாரோ என்னவோ, அவனைக் கைகாட்டி அழைத்தார். "ஐயா, இந்தம்மா உங்க பேச்சுல ஆறு வரி சொல்லும். நீங்க கேட்டு எங்க பேச்சுல திருப்பிச் சொல்லணும். கூட்டாம, குறைக்காம."

கிதானி அலட்சியமாக இறங்கி வந்தான். அஷ்ரியாவை மேலும் கீழும் பார்த்தான். "சொல்லு அக்கா. எங்க மானத்தை வாங்காம சொல்லு."

அஷ்ரியா சொன்னாள். வாசப்படிக்கு உள்ளே முணுமுணுக்கிற ஊமைப் பெண்ணின் குரல் அல்ல அது. ஊரில் யாரும் கேட்டிராத குரல். ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தினாள். கிதானி எகிப்தியப் பேச்சில் திருப்பினான்.

"கெட்டதுக்கு முதுகைக் காட்டிட்டேன்."

ஆயர் தலையசைத்தார்.

"எல்லாத்தையும் பண்ணின அப்பனை நம்புறேன். அவரு... விட்டுட்டுப் போகாத அப்பன்." கிதானியின் புருவம் ஏறியது. "இப்படி ஒரு அப்பனா?"

"மேல சொல்லுங்க" என்றார் சர்மதெஸ்.

"அவரு மகனை நம்புறேன். அவரைக் கொன்னாங்க. வெள்ளம் எழும்புற மாதிரி எழும்பினாரு." மறுகரையில் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த கயிற்றுக்காரர்கள் பக்கம் ஒரு முனகல் எழுந்தது. அவர்களுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. "அவரு மூச்சை நம்புறேன். ஓட்டத்துக்கு எதிரா நம்மளை ஏத்துற வடகாத்து அது."

ஐந்தாம் வரியை அஷ்ரியா சொன்னாள். கிதானி வாய் திறந்தான். மூடிக்கொண்டான்.

"என்ன? தப்பா?" என்றார் சர்மதெஸ்.

கிதானி அவரைப் பார்க்கவில்லை. அஷ்ரியாவிடம் அவர்கள் மொழியில் ஏதோ கேட்டான். அவள் அதே வரியைத் திரும்பவும் சொன்னாள். அவன் ஈட்டியைச் சாய்த்துப் பாறைமேல் வைத்தான். வெறுங்கையோடு, மெதுவாகச் சொன்னான்.

"என் அடிச்சுவட்டை அவரு பெருக்கி அழிச்சுட்டாரு. நானும் அடுத்தவன் சுவட்டை அழிச்சுடுவேன்."

அவனே தொடர்ந்தான். "என் தம்பியைக் கொன்னவன் சுவட்டை நாலு வருஷமா தேடிக்கிட்டு அலையறேன். தூங்கி எந்திரிச்சதும் மணலைத்தான் பாக்கிறேன். இதை யாரு சொல்லச் சொன்னது உனக்கு?"

"யாரும் சொல்லச் சொல்லல தம்பி. புரிஞ்சுக்கிட்டுச் சொல்றேன்" என்றாள் அஷ்ரியா. பிறகு ஆறாம் வரியையும் சொன்னாள். கிதானி அதையும் திருப்பிச் சொல்லிவிட்டு ஆயரின் பக்கம் திரும்பினான்.

"சரியா தப்பான்னு கேட்டீங்க. உங்க சட்டம் எனக்குத் தெரியாது. ஆனா எனக்குப் புரிஞ்சுருச்சு. புரியாம இருந்திருந்தா நிம்மதியா ஊருக்குப் போயிருப்பேன்."

ஆயர் தித்துவே நாற்காலியிலிருந்து எழுந்தார். யார் கையையும் பிடிக்காமல் தண்ணீரில் இறங்கினார். "ஐம்பது வருஷமா நான் இதைக் கிரேக்கத்துல சொல்றேன்" என்றார். "இன்னைக்குத்தான் எனக்கே காதுல விழுந்த மாதிரி இருக்கு. வாம்மா." தன் கையாலேயே அஷ்ரியாவை மூன்றுமுறை தண்ணீரில் அமிழ்த்தி எடுத்தார்.

மறுகரையிலிருந்து கயிற்றுக்காரர்கள் எழுப்பிய கூச்சல் பாறைவாயின் இரைச்சலையே அமுக்கிவிட்டது. ஹத்ரே தானியப் படகின் முனையில் நின்று துடுப்பால் தண்ணீரை அறைந்தான். அன்று பூசையின் நடுவில் சர்மதெஸ் கையைத் தட்டியபோது, வெளியே போன கூட்டத்தில் அஷ்ரியா இல்லை. தாபே அவள் கையை இறுகப் பற்றிக்கொண்டு முன்வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினாள். "தள்ளிக்கோ, எங்க வீட்டுப் பொண்ணு நிக்கணும்" என்று சிப்பாய் மனைவியை முழங்கையால் இடித்தாள்.

மூன்றாம் நாள் கிதானி ஆயரிடம் வந்தான். சமாதானப் பேச்சு முடிந்துவிட்டது, நாளை கிளம்புகிறேன், எங்களுக்கு இதைச் சொல்ல ஆள் வேண்டும் என்றான். அந்தம்மாவின் மகளை அனுப்புங்கள் என்றான்.

"ஒரு பொண்ணையா? பதினேழு வயசுப் பிள்ளை!" என்று சர்மதெஸ் பதறினார்.

"பாறைவாயில படகை ஏத்துறதுக்கு யாரு கூவுறா?" என்று கேட்டார் ஆயர். "கயிறு பிடிக்கிறவன் யார் பேச்சுக்கு இழுக்கிறானோ அவங்களைத்தான் அனுப்பணும். அவ பேசட்டும். ஞானஸ்நானம் கொடுக்க ஒரு குரு வேணும். உன்னைக் குருவாக்கி நாளைக்கே அவகூட அனுப்புறேன் சர்மதெஸ். அவகிட்ட நோபாப் பேச்சு கத்துக்கோ."

சர்மதெஸ் கட்டளைக்குக் கட்டுப்பட்டவர். மறுநாள் ஹத்ரேயின் படகில் தயேசேயோடும் அஷ்ரியாவோடும் உட்கார்ந்து, சட்டத்தில் காட்டிய அதே பிடிவாதத்தோடு ஆறு வரியையும் கற்கத் தொடங்கினார். முதல் வாரம் கூட வந்த கிதானியின் ஆட்கள் அவர் உச்சரிப்பைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர் ஒருநாள் துடுப்பைத் தட்டி, "சிரிங்கடா, சிரிங்க. ஒம்பது வருஷம் பாக்கி இருக்கு எனக்கு" என்றார். அஷ்ரியாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதன்பிறகு அவர்கள் நல்ல நண்பர்கள்.

கிளம்புவதற்கு முன் தாபே இரண்டு மூட்டை உலர்ந்த அப்பமும் ஒரு பானை பயறும் கட்டிக் கொடுத்திருந்தாள். வாசப்படியில் நின்று, வாயில் நுழையாத நோபா மொழியில், "நல்லபடியா போயிட்டு வா" என்று தயேசேயிடம் சொன்னாள். எப்போது, யாரிடம் கற்றாள் என்று தெரியவில்லை. வாசப்படிக்கு உள்ளே நின்றுதான் சொன்னாள்.

கிதானியின் ஊரை அடைய பன்னிரண்டு நாள் ஆயிற்று. தயேசே முதல் நாள் ஊர்க்கூட்டத்தில் பேசும்போது முன்னால் முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவள் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, ஆறு வரியையும் எப்படி எப்படித் தேடிக் கண்டுபிடித்தார்கள் என்று கதையாகச் சொன்னாள். தாய்மாமன் தகராறைச் சொன்னபோது ஊரே உருண்டு சிரித்தது. ஐந்தாம் வரிக்கு வந்தபோது கிதானி எழுந்தான். ஈச்ச மட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு ஊர் எல்லைக்கு நடந்தான். எல்லைக்கு அப்பால், தோப்புக்குள் ஒளிந்து ஒளிந்து நாலு வருஷமாகத் தாயைப் பார்க்க வந்துபோகிற, தன் தம்பியைக் கொன்றவனின் புதுச் சுவடு மணலில் இருந்தது. கிதானி அதைப் பெருக்கினான். தோப்பு வரைக்கும் பெருக்கிக்கொண்டே போனான். அந்த மனிதனின் தாய் தலையில் கைவைத்துக்கொண்டு ஓலமிட்டாள். அது துக்கமா சந்தோஷமா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. சாயங்காலத்துக்குள் அவள் மகன் தோப்பிலிருந்து வெளியே வந்து பகல் வெளிச்சத்தில் ஊர்த் தெருவில் நடந்தான். அவனை யாரும் தொடவில்லை.

மறுநாள் கூட்டத்தில் முந்நூறு பேர். பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள்.

அந்த வருஷம் வெள்ளம் வடிந்து தண்ணீர் தெளிந்ததும் ஆற்றில் ஞானஸ்நானம் நடந்தது. காலையில் தொடங்கியது. சர்மதெஸ் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒவ்வொருவராக அமிழ்த்தி எடுத்தார். மதியத்துக்குள் அவர் தோள் மரத்துப்போய், கிதானி ஒருபக்கம் தாங்கிப் பிடித்துக்கொண்டான். ஒவ்வொருவரும் ஆறு வரியையும் தங்கள் பேச்சில் சொன்னார்கள். சிலர் கத்தினார்கள், சிலர் சிரித்துக்கொண்டே சொன்னார்கள், ஒரு கிழவர் அழுதுகொண்டே ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை சொன்னார். புரியாத இடத்தில் நிறுத்தி, "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டவர்களும் இருந்தார்கள். அப்படிக் கேட்டால் அஷ்ரியாவுக்கு அத்தனை சந்தோஷம். வரிசையை நிறுத்திவிட்டு, அவர்களுக்கு விளங்குகிற வரை கரையில் உட்கார்ந்து விளக்கினாள்.

தயேசேயின் தொண்டை கட்டிவிட்டது. ஆனாலும் அவள் விடவில்லை. பாறைமேல் ஏறி நின்று, இரு கையையும் உயர்த்தி, ஆறு நிறைய நின்ற ஜனங்களுக்கு முதல் வரியைக் கூவிக் கொடுத்தாள். ஆயிரம் குரல் ஒன்றாக மேற்கே திரும்பிச் சொல்லிற்று. தெற்கே, ஆற்றின் வளைவில், இன்னும் எத்தனையோ படகுகள் அவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தன.